தமக்குத் தாமே சான்று

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் நற்சான்று எடுபடாது. அவர் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா என்பதை அவரை அறிந்த பிறரே உரைக்க வேண்டும். 'ஜர்ஹ் வ தஃதீல்' என்னும் பெருங்கலை இவ்வாறே வளர்ந்தது. ஆய்வாளர் பெருமக்கள் சமூக ஊடகங்களில் தம்மை அறிமுகப்படுத்தும் முறையைக் காணுந்தோறும் இக்கலை நம் நினைவுக்கு வருகிறது.

அங்கே அறிவிப்பவரும் அவரே, சான்றளிப்பவரும் அவரே. வெளிவந்த கட்டுரை, கிடைத்த விருது, மேடையில் எடுத்த படம், மேற்கோள் எண்ணிக்கை ஆகியன வரிசையாக வரும். ஆய்வில் என்ன கண்டார் என்பது பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடும். 2008இல் தோன்றிய ரிசர்ச்கேட் தளம் ஆய்வாளர்களுக்கு மதிப்பெண்ணே போட்டு வந்தது. அதைக் கணக்கிடும் முறை வெளிப்படையாக இல்லையென்ற கண்டனம் தொடர்ந்தது. 2022இல் அதனைக் கைவிட்டனர்.

தம் சிறப்பைத் தாமே கூறுவது புதிதன்று. இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் (ஹி. 849–911) தம் வரலாற்றைத் தாமே எழுதி, இறைவனின் அருட்கொடையை எடுத்துரைத்தல் என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். இஜ்திஹாத் செய்யும் தகுதி தமக்குண்டு என்றும் கூறினார்கள். அவர்கள் காலத்தவரான சகாவி (ரஹ்) அவர்களோ தம் நூலில் சுயூத்தியைக் கடுமையாகச் சாடினார்கள். இரு நூல்களும் நம் கையில் உள்ளன. இரண்டையும் படித்தே நாம் முடிவுக்கு வருகிறோம். இன்றைய பக்கத்தில் வாழ்த்துரை மட்டுமே தங்குகிறது. மறுத்துரைப்பவரை விலக்கி வைக்க ஒரு பொத்தான் போதும்.

விதிவிலக்கும் உண்டு. 2018இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்டு, தாமும் பங்கேற்று எழுதிய 2019ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதை 2020 ஜனவரியில் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) தாமே அறிவித்தார். சோதனையை மீண்டும் செய்தபோது அதே முடிவு வரவில்லை; வேலை மிகுதியால் தம் பொறுப்பைச் சரிவர நிறைவேற்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிழையை உணர்ந்து மீண்டவரை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒதுக்கவில்லை. எடுத்துக்காட்டிய பின்னும் பிடிவாதமாய் நின்றவரையே ஒதுக்கினர்.

நோபல் பெற்றவருக்கு இது எளிது, தற்காலிகப் பணியிலுள்ள இளைஞருக்கு எளிதா என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ஆயின் பணி நிரந்தரமான நாம் என்ன செய்தோம்? அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படி ஒன்றின் ஹிஜ்ரி ஆண்டை நாம் பிழையாகப் படித்ததை நம் மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டி ஈராண்டு கழிந்தது. கட்டுரை நம் பக்கத்தில் முதலாவதாக நிற்கிறது. திருத்தத்தைச் சென்ற வாரம்தான் அதன் கீழே எழுதினோம். மாணவரின் பெயரையும் சேர்த்தோம்.