இரசிகனின் அன்பும் விமர்சகனின் அளவுகோலும்

விமர்சனம் என்பது பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்குமே உரிய தொழில் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றியிருக்கிறது. ஒரு கலைப்படைப்பை விரும்பி, மீண்டும் மீண்டும் நுகர்ந்து, அதன் நிறைகுறைகளைத் தன் நண்பர்களோடு வாதாடித் தீர்க்கும் சாதாரண இரசிகனை நாம் விமர்சகன் என்று அழைப்பதில்லை. அவன் எழுத்தை ஆர்வக் கோளாறென ஒதுக்கிவிடுகிறோம். இவ்வாறு ஒதுக்குவது நியாயந்தானா? அன்றி, இரசிகன் எழுதுவன யாவும் விமர்சனமே என ஏற்றுக்கொள்வதுதான் நியாயமா? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே ஆராய்வதற்கு வாய்ப்பான உதாரணமொன்று பிரித்தானியாவில் உண்டு. அது 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரும், அதன் இரசிகர்கள் எழுதிக் குவித்த விமர்சனங்களுமாகும்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி பி.பி.ஸி. நிறுவனம் இத்தொடரை ஆரம்பித்தது. பொலிஸ் தொலைபேசிப் பெட்டியின் உருவில் அமைந்த காலயந்திரத்தில் ஏறி, அண்டமெங்கும் அலைந்து, அநீதியைக் கண்டவிடத்து எதிர்த்து நிற்கும் ஒரு நாடோடியே இதன் நாயகன். முதல் தயாரிப்பாளரான வெரிற்றி லம்பேட் ஒரு பெண். முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் லக்னோவிற் பிறந்தவர். 1989 டிசெம்பர் 6ஆந் திகதியோடு நின்றுபோன தொடர், 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. இங்கு நாம் கருதுவது அந்த முதலாம் காலப்பகுதியையே. கதைகளின் பெயர்களைத் தமிழாக்கியே குறிப்பிடுகிறேன்.

இரசிகர் செய்த முதற் பணியை முதலிற் சொல்லிவிட வேண்டும். அறுபதுகளின் கதைகள் பலவற்றை, அவற்றை ஆக்கிய நிறுவனமே அழித்துவிட்டது. ஒளிநாடா விலையுயர்ந்தது, மீண்டும் பயன்படுத்தக் கூடியது. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் மறு ஒளிபரப்பை மட்டுப்படுத்தியிருந்தன. எனவே, பயன் முடிந்த பண்டமாகக் கருதி அழித்தனர். 1963க்கும் 1969க்கும் இடையே ஒளிபரப்பான 253 பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இவ்வாறு மறைந்தன. ஆயினும், காணாமற்போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று நம்மிடம் உண்டு. அதற்குக் காரணமானவர்கள் யார்? தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, வீட்டாரைச் சத்தம் போடாதிருக்கும்படி கெஞ்சிய பள்ளிச் சிறுவர்களே! நிறுவனம் பண்டமாகக் கண்டதை அவர்கள் கலையாகக் கண்டனர். இது சிறிய செயலன்று.

1976இல் இவர்களிற் சிலர் கூடி இரசிகர் சங்கமொன்றை அமைத்தனர். அக்காலத்தில் வீட்டில் நாடாவிற் பதிந்து வைத்துப் பார்க்கும் வசதி பரவலாக இருக்கவில்லை. ஒருமுறை கண்டது கண்டதுதான். ஆதலால், றோனியோ செய்யப்பட்ட சிற்றேடுகளில் அவர்கள் எழுதிய விமர்சனங்கள் ஞாபகத்தின் துணைகொண்டே எழுந்தன. ஞாபகமோ கலையைப் பெரிதாக்கும். சில வேளை சிறிதாக்கவும் செய்யும்.

இதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். 'சைபர் மனிதரின் கல்லறை' என்னும் 1967ஆம் ஆண்டுக் கதை ஈடிணையற்றதென மூத்த இரசிகர்கள் பல்லாண்டுகளாகப் போற்றி வந்தனர். அதன் பிரதி ஹொங்கொங்கிற் கண்டெடுக்கப்பட்டு 1992இல் விற்பனைக்கு வந்தபோது, கதை விறுவிறுப்பாக இருந்தது உண்மையே. ஆனால், அதுவரை எவர் ஞாபகமும் அழுத்திச் சொல்லாத ஒன்றும் கண்ணிற்பட்டது. அதில் வரும் ஒரேயொரு கறுப்பு மனிதன், பேச்சு அரிதான, உடல்வலிமை மட்டுமே உடைய வேலைக்காரன். மறுபுறம், 'உலகின் பகைவன்' என்ற கதையில் ஆறு பகுதிகளில் ஒன்றே எஞ்சியிருந்தது. அந்த ஒன்றைக் கொண்டு முழுக்கதையும் சோர்வானதெனத் தீர்ப்பளித்திருந்தனர். 2013இல் மற்றைய ஐந்து பகுதிகளும் நைஜீரியாவிலிருந்து மீட்கப்பட்டன. அப்போதுதான் அக்கதையின் வலு புலப்பட்டது. மேலே யுத்தம் நடக்கிறதெனப் பொய்சொல்லி, ஒரு கூட்டத்தாரை ஆண்டுக்கணக்காகப் பூமிக்கடியில் அடைத்துவைத்து, அவர்கள் கைகளாலேயே உலகில் அழிவுகளை விளைவிக்கிறான் சலமாண்டர் என்னும் சர்வாதிகாரி. அச்சத்தை ஊட்டி உழைப்பைப் பறிக்கும் ஆட்சிமுறையை இவ்வளவு எளிமையாக விளக்கிய தொலைக்காட்சிக் கதைகள் சிலவே. இரசிகர்கள் தம் பழைய தீர்ப்பைத் தயங்காது மாற்றிக்கொண்டனர். பிழையை ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை, புலமை வாய்ந்த விமர்சகர் பலரிடமும் காணக் கிடைக்காதது.

இனி மறுபக்கத்தை நோக்குவோம்.

இரசிகனின் கையிலுள்ள அளவுகோல் யாது? பெரும்பாலும் அது 'முன்னைய கதையோடு இது பொருந்துகிறதா?' என்பதே. 1976இல் றொபேட் ஹோம்ஸ் எழுதிய 'கொடிய கொலையாளி' என்ற கதைக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். நாயகனின் இனத்தவர் காலப் பிரபுக்கள் எனப்படுவோர். 1969இல் வெளிவந்த 'போர் விளையாட்டுகள்' என்ற கதையில் அவர்கள் தெய்வங்களைப் போன்ற பேராற்றலுடன் தோன்றினர். ஹோம்ஸோ அவர்களைச் சடங்குடைகளைப் பற்றி முணுமுணுக்கும் கிழவர்களாகவும், பதவிக்காகக் கொலை செய்பவர்களாகவும் காட்டினார். இறுதியில், கொலைகாரனையே வீரனாக்கி, உண்மையைத் திருத்தி, மக்களுக்கு அறிவிக்க ஏற்பாடு செய்கிறார் அவர்களுள் ஒரு கர்தினால். இரசிகர் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்த விமர்சனம் இக்கதையை மிகக் கடுமையாகச் சாடியது. முன்னர் கண்ட பிரபுக்களுக்கும் இவர்களுக்கும் பொருத்தமில்லை என்பதே அதன் சாரம்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஆளும் வர்க்கத்தின் மாண்பு தூரத்திலிருந்து பார்க்கும்போது மட்டுமே மாண்பாகத் தோன்றும். உள்ளே நுழைந்து பார்த்தால் அது முதுமையும் சூதும் பொய்யுமே என ஆசிரியர் சொல்கிறார். விமர்சகரோ, பிரபுக்களின் மாண்பு குலைந்ததே என வருந்துகிறார்! கதைக்குக் கதை பொருத்தம் பார்த்தவர், கதைக்கும் உலகுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கத் தவறினார். இன்று அக்கதை தொடரின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது என்பது வேறு விடயம். அளவுகோலின் பிழையே நாம் கவனிக்க வேண்டியது.

தரவரிசையும் இத்தகையதே. 2009இல் தொடரின் சஞ்சிகை 200 கதைகளை வாசகர் வாக்குக்கு விட்டபோது முதலிடம் பெற்றது 'அன்ட்றோஸனியின் குகைகள்'. கடைசி இடம் பெற்றது 'இரட்டையர் இக்கட்டு'. இரண்டும் 1984இல் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பானவை என்பது சுவையான செய்தி. முதலிடம் பெற்ற கதையின் நெறியாள்கையையும், நாயகன் தன் தோழிக்காக உயிர்துறக்கும் காட்சியையும் வியந்து எழுதாத இரசிகர் இல்லை. அவ்வியப்பு தகுதியானதே. ஆனால் அக்கதையில் மோர்கஸ் என்றொரு முதலாளி வருகிறான். யுத்தத்தின் இருதரப்பாரையும் அவனே போஷிக்கிறான். விலை சரியாதிருக்கத் தன் சுரங்கத்தையே வெடிவைத்துத் தகர்க்கிறான். ஆலைகளை மூடி, வேலையிழந்தோரைத் தனது தொழில் முகாம்களுக்கே கூலியின்றி அனுப்புகிறான். இக்கதை 1984 மார்ச் மாதத்தில் ஒளிபரப்பாயிற்று. அதே மாதத்திலேதான் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தமும் தொடங்கிற்று. எழுதியவர் அதனை முன்னறிந்து எழுதவில்லை; ஆயினும், மூடப்படும் ஆலைகளைப் பற்றிய கதையை எந்தச் சூழலில் மக்கள் கண்டனர் என்பதைச் சொல்லாத விமர்சனம் அரைகுறையானதே.

அப்படியானால் அரசியலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாற் போதுமா? போதாது. இதற்கு 1977ஆம் ஆண்டுக் கதையான 'சூரியன்களை ஆக்குவோர்' ஒரு பாடம். புளூட்டோவிற் செயற்கைச் சூரியன்களின் கீழ் மனிதர் உழைக்கின்றனர். ஒரு கொம்பனியே ஆட்சி. மூச்சுக்கும் வரி, சாவுக்கும் வரி. தந்தையின் மரண வரியைச் செலுத்த வழியற்ற தொழிலாளி கூரையிலிருந்து குதிக்க முனைகிறான். காற்றிற் கலக்கப்படும் ஒருவகை வாயு மக்களைச் சதா பீதியில் வைத்திருக்கிறது. வாயு நிறுத்தப்பட்டதும் கிளர்ச்சி வெடிக்கிறது. வரி அறவிடும் அதிகாரியை அதே கூரையிலிருந்து மக்கள் தூக்கி எறிகின்றனர். இடதுசாரி மனம் கொண்ட இரசிகர் இதனைப் பாட்டாளி வர்க்கப் புரட்சிக் கதை என்றனர். வேறு சிலரோ, இக்கதை ஆசிரியருக்கு வரித் திணைக்களத்தின் மீதிருந்த எரிச்சலில் முளைத்தது எனச் சுட்டி, இது வரி கட்ட விரும்பாத நடுத்தர வர்க்கத்தவரின் முறைப்பாடே என்றனர்.

இருதரப்பாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பிடித்திருக்கின்றனர். வரி என்ற சொல்லைக் கொண்டு ஆசிரியர் தொடங்கினார் என்பது சரி. ஆனால் அவர் படைத்த கொம்பனி, வரியைப் பெற்றுப் பாடசாலையோ வைத்தியசாலையோ நடத்தும் அரசன்று. உழைப்பையும் வாழ்வையும் இலாபமாக மாற்றும் தனியார் நிறுவனம். எரிச்சலில் எழுந்த கற்பனை, எழுதுபவனின் நோக்கத்தையும் தாண்டி, சுரண்டலின் உருவத்தைத் தொட்டுவிட்டது. எனினும், எதிரியின் முடிவைத் தொழிலாளர் தீர்மானிப்பதில்லை. நாயகன் கணனியிற் செய்யும் தந்திரமே தீர்மானிக்கிறது. படைப்பின் எல்லையும் அதுவே. இவ்வாறு வலிமையையும் எல்லையையும் சேர்த்துக் காட்டுவதே விமர்சனத்தின் வேலை; நம் பக்கத்துக் கதை எனக் கொடி கட்டுவதன்று.

இரசிகனின் அன்புக்கு உண்மையான சோதனை, அவன் மிக விரும்பும் படைப்பிலேதான் வரும். அதே 1977இல் வெளிவந்த 'வெங் சியாங்கின் நகங்கள்' பல்லாண்டுகளாக இரசிகர்களின் முன்வரிசைக் கதைகளுள் ஒன்று. விக்ரோறியா காலத்து லண்டன், நாடக அரங்கு, மூடுபனி, சுவைமிக்க உரையாடல் எல்லாம் அதில் உண்டு. அங்கே சீன மந்திரவாதியாக நடிப்பவர் ஜோன் பெனெற் என்ற ஆங்கில நடிகர், ஒப்பனையாற் கண்களை மாற்றிக்கொண்டு! ஏனைய சீனர்கள் பெரும்பாலும் பெயரற்ற கொலைஞர்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணக் கல்வித் தொலைக்காட்சி, சீன வம்சாவளியினரின் கருத்தறிந்து, இக்கதையை ஒளிபரப்பாது விட்டது. இரசிகர் வட்டத்திற்கு வெளியே நின்றவர்களுக்கு உடனே தெரிந்தது, உள்ளே நின்றவர்கள் பலருக்கு நெடுங்காலம் தெரியவில்லை.

தற்காப்பு வாதங்கள் இல்லாமலில்லை. அக்கால வழக்கம் அது என்பர். அந்த மந்திரவாதி, வெள்ளையரின் கண்களுக்குச் சீனரெல்லாம் ஒரே முகமாகத் தெரிவதைத் தானே கேலி செய்கிறான் என்பர். இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. அப்பாத்திரத்திற்கு ஆசிரியர் அறிவும் துயரமும் தந்திருக்கிறார். ஆனால் அந்தக் கேலியைப் பேசும் வாய் ஒரு வெள்ளையருடையது என்பதை எந்த வாதமும் மாற்றாது.

இதனை நேர்மையாக எழுதியவர்களும் இரசிகர்களிடையிருந்தே எழுந்தனர் என்பதுதான் மகிழ்ச்சிக்குரியது. 2013இல் லிண்டி ஓர்தியா தொகுத்த 'டொக்டர் ஹூவும் இனமும்' என்னும் கட்டுரைத் தொகுதியில், இரசிகராயிருந்து இத்தொடரின் நாவலாசிரியர்களுள் ஒருவரான கேற் ஓர்மன், இக்கதையை ஃபூ மன்சூ என்னும் பழைய சீன வில்லனின் மரபில் வைத்து ஆராய்கிறார். நேசிப்பவர் செய்யும் ஆராய்ச்சியாதலின் அதில் ஏளனம் இல்லை. உண்மையை ஒளிப்பதும் இல்லை.

உருவமா உள்ளடக்கமா என நாம் நெடுங்காலமாக வாதாடி வருகிறோம். இவ்விரசிகர்களின் வரலாறு நமக்குக் கற்பிப்பது வேறொன்று. படைப்பைக் காப்பதற்கும் அதன் ஒவ்வொரு நரம்பையும் அறிவதற்கும் அன்பு வேண்டும். அதில் யார் உழைக்கிறார், யார் ஆள்கிறார், யாருடைய முகம் வேடமாக்கப்படுகிறது என்று கேட்பதற்கு அன்பு மட்டும் போதாது. உலகத்தைப் பற்றிய அறிவும், தன் விருப்பையே விசாரிக்கும் துணிவும் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் இதை வகுப்பறையில் நினைவிற் கொள்ளலாம். தான் விரும்பிய ஒரு திரைப்படத்தையோ தொடரையோ பற்றி மாணவன் ஒருவன் உற்சாகத்தோடு எழுதி வந்தால், அதனை வீண் வேலையெனச் சிவப்பு மையாற் கோடிட்டு ஒதுக்க வேண்டாம். முழுவதையும் வாசித்துவிட்டு, "இக்கதையில் உனக்குப் பிடிக்காமற் போனவர் யார்? அவரை யார் அப்படிப் படைத்தார்?" என்று கேட்போம். அக்கேள்விக்கு அவன் தேடும் விடையிலிருந்தே விமர்சகன் ஒருவன் உருவாகக்கூடும்.