ஆர்வத்துக்குக் கூலி இல்லையாம்

குடிமக்கள் அறிவியல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குடிமக்களில் யாருக்கு நேரம் இருக்கிறது என்ற கேள்விதான் எனக்குள் முதலில் எழுகிறது. விஞ்ஞானிகள் மட்டுமல்ல, நம்மைப் போன்றவர்களும் பறவைகளை எண்ணலாம், ஏரித் தண்ணீரைச் சோதிக்கலாம், காற்றில் வரும் வாடையைக் குறித்துவைக்கலாம். அப்படிச் சேரும் தரவு ஆய்வுக்கும் அரசின் திட்டமிடலுக்கும் பயன்படும் என்பது இதன் அடிப்படை. நல்ல எண்ணம்தான். 2015இல் ஐ.நா. 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. அவற்றை அளக்கும் குறியீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குடிமக்கள் திரட்டும் தரவு ஏற்கெனவே உதவுகிறது அல்லது இனி உதவக்கூடும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. உதவட்டும். அந்த உதவியின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பேசியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறை நாட்கள், வலசை வந்த பறவைகள் ஏரிகளில் இருக்கும் காலம், 15 நிமிடம் ஒதுக்கினாலே ஒரு பட்டியல் தேறிவிடும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் பொங்கல் யாருக்கு விடுமுறை? பறவைகள் நன்றாகக் கண்ணில் படுகிற காலை வேளையில் பெண்கள் வாசலில் கோலமிட்டுக்கொண்டோ அடுப்படியிலோ இருக்கிறார்கள். அம்பத்தூர் ஏரிக்கரையிலோ பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ ஒரு பெண் தனியாக, தொலைநோக்கியோடு, விடியற்காலையில் நிற்க வேண்டுமென்றால் அந்த 15 நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் அனுமதி வேண்டும்! இது கணக்கெடுப்பை நடத்துவோரின் குற்றமல்ல. ‘எல்லோருக்கும் திறந்திருக்கிறது’ என்று சொல்லப்படும் கதவு எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

இது வெறும் மனக்குறை அல்ல, கணக்கே இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஐ.நா. இலக்குகளில் ஐந்தாவது பாலினச் சமத்துவம். அதன் கீழ் நான்காவதாக வருவது, ஊதியமில்லாத வீட்டுவேலையையும் பராமரிப்பையும் மதித்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. ஆறாவது இலக்கு தண்ணீர். ஆறாவதை அளக்கப் பெண்ணின் ஊதியமில்லாத நேரத்தை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால், ஐந்தாவது அந்த அளவுக்குப் பின்னால் போகிறது. இரண்டும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. சேர்த்துப் படிப்பவர்கள்தான் குறைவு.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கப் பரிசோதனைப் பெட்டியால் குடிநீரைச் சோதிக்கச் செய்வது அதில் ஒரு பகுதி. நாடு முழுவதும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். குளோரின், நைட்ரேட், ஃபுளோரைடு என்று அவர்கள் நிறம் பார்த்துச் சொல்கிறார்கள். உலகின் மிகப் பெரிய குடிமக்கள் அறிவியல் முயற்சிகளில் ஒன்றாக இதை எண்ணலாம். ஆனாலும் யாரும் இந்தப் பெண்களை அப்பெயரால் அழைப்பதில்லை. ஏன் பெண்கள் என்று கேட்டால், வீட்டுக்குத் தண்ணீர் சேர்ப்பவர்கள் அவர்கள்தானே என்பது பதில். குடம் சுமந்தவளிடமே சோதனைக் குழாயையும் கொடுத்தாயிற்று. அவளுக்கு ஓர் அறிவு கிடைத்தது, மறுக்கவில்லை. கூடவே இன்னொரு வேலையும் வந்தது. அது சம்பளப் பதவி அல்ல. இத்திட்டம் கிராமங்களுக்கு மட்டும் என்பதால் பூந்தமல்லி ஒன்றியத்தின் குத்தம்பாக்கம், நேமம் போன்ற ஊராட்சிகளுக்குப் பொருந்தும். 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த அம்பத்தூரும், 2019இல் தானே மாநகராட்சியான ஆவடியும் அதன் எல்லைக்கு வெளியே. அங்கே லாரித் தண்ணீரின் நிறம் பார்த்து, மோந்து பார்த்து, இது குடிக்க, இது துவைக்க என்று பிரிக்கும் பெண்ணின் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்த உழைப்பை மறைக்க நம் மொழி ஒரு சொல்லை வைத்திருக்கிறது: தன்னார்வலர். தன் ஆர்வத்தால் வருபவர். ஆர்வத்தால் வருபவரிடம் கூலி பேசுவது அநாகரிகம் என்று அந்தச் சொல்லே வாயை அடைத்துவிடும். 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அதன் பெயரும் ஊதியமல்ல, ஊக்கத்தொகை. என் மாணவிகளில் சிலர் அந்த ஆயிரத்தைப் பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள். அவர்களிடம் ஆர்வமும் இருந்தது, தேவையும் இருந்தது. சொல் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

கூலிக்கு அடுத்தது பெயர். தமிழ் படித்தவர்களுக்குக் குறிஞ்சிப்பாட்டைத் தெரியும். 99 பூக்களின் பெயர்ப் பட்டியல் அதில் தோழியின் வாய்மொழியாக வருகிறது. தலைவியோடு மலையில் திரிந்து, பறித்து, பாறையில் குவித்த பூக்களை அவள் செவிலிக்குச் சொல்கிறாள். வகுப்பறையில் நாம் வியப்பதோ கபிலரின் இயற்கை அறிவை. கவிதை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் பூவைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவளாக அவர் படைத்தது ஒரு பெண்ணை. அவளை நாம் அறிவாளியாக எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்றைய திட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. தரவு சேகரித்தவள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘சமூகப் பங்கேற்பாளர்கள்’ என்ற கூட்டத்தில் கரைந்துபோகிறாள்.

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004இல் செய்தது வேறு. ஆலைகளிலிருந்து வரும் வாடையை நாள், நேரம், காற்றின் திசையோடு எழுதிவைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் தெரியவந்தன. அந்த வாளி முறை கலிஃபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையொட்டி வாழ்ந்தவர்களிடமிருந்து வந்தது. வாளி மலிவு, ஆய்வகக் கட்டணம்தான் கனம். ஆலையிடம் அந்தக் கட்டணத்தைக் கேட்டிருந்தால் வாளிக்குள் என்ன இருந்தது என்பது வெளியே வந்திருக்குமா?

அம்பத்தூருக்கு இந்தக் கேள்வி நேரடியாகப் பொருந்தும். இங்கே 1960களிலிருந்து தொழிற்பேட்டை இருக்கிறது. கழிவு கலப்பதைத் தடுக்கக் கொரட்டூர் ஏரிக்காகக் குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், மரக்கன்று நடலாம், பதாகை கட்டலாம். நீர் மாதிரி எடுக்கும் பெண்ணின் நேரத்துக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, நம் பழக்கம் தடுக்கிறது. ஆனால் எந்த வாய்க்காலைச் சோதிக்கிறோமோ, அதில் கழிவு விடுபவரிடமே கூலி வாங்கினால் நாக்கு கட்டுண்டுவிடும். எனவே பணம் தனித்தனிக் கையிலிருந்து வராமல் ஒரு பொது நிதியாகச் சேர வேண்டும். அதை நிர்வகிக்கும் குழுவில் மாதிரி எடுப்பவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். முடிவை வெளியிடும் உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும்.

காசு வந்தால் ஆர்வம் செத்துவிடும் என்பார்கள். பேராசிரியர்கள் சம்பளம் வாங்குகிறோம். எங்கள் ஆர்வத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கூலி கொடுத்தால் இன்னொன்றும் நடக்கும். நேரம் மிச்சமுள்ளவர்கள் மட்டும் பார்த்த ஏரி, தையற்கூடத்தில் ஷிஃப்ட் முடித்து வருபவள் கண்ணிலும் படும். அவள் பார்க்கும் தண்ணீர் வேறு, கேட்கும் கேள்வியும் வேறு. அது அறிவியலுக்கே லாபம்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கல்லூரிக்கோ தெருவுக்கோ இப்படியொரு திட்டம் வந்தால், முன்னுரையை விட்டுவிட்டு நேராகச் செலவுப் பட்டியலுக்குப் போங்கள். கருவிக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, நிறைவு விழாவுக்கு எவ்வளவு என்று இருக்கும். ‘மாதிரி எடுப்பவர் ஊதியம்’, ‘குழந்தைப் பராமரிப்பு’, ‘போக்குவரத்து’ என்று மூன்று வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நேரம் உங்களுடையது.