வெள்ளி மாலைத் தோட்டம்

பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பிபிசியின் இரண்டாம் தொலைக்காட்சி அலைவரிசையில் 1968ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கி இன்றுவரை தொடரும் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ என்னும் நிகழ்ச்சியைத் திறனாய்வுக்குரிய பொருளாக நம்மவருள் எவரும் கருதியதாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் மண்ணைக் கிளறுகிறார், விதையிடுகிறார், கிளையைக் கத்தரிக்கிறார், கையைத் தட்டிவிட்டு அடுத்த பாத்திக்கு நடக்கிறார். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றே நாமும் எண்ணியிருப்போம், 2019ஆம் ஆண்டின் வசந்தத்தை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மகள் வீட்டில் கழிக்க நேராதிருந்தால். அதற்கு முந்தைய நவம்பரில் நம் துணைவியார் வஃபாத்தாகியிருந்தார். ஊரில் தனித்திருக்க வேண்டாம் என்று மகள் வற்புறுத்தி அழைத்துக்கொண்டாள். அங்கே வெள்ளிதோறும் பொழுது சாய்ந்தபின், மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையில், அவள் இந்நிகழ்ச்சியை வைப்பாள். நேரம் ஒத்துவராத வாரங்களில் பிபிசியின் ஐ-ப்ளேயரில் மறுநாள் பார்ப்போம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நெஞ்சின் இறுக்கம் தளர்ந்ததை நாம் உணர்ந்தோம். ஏன் தளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

நிகழ்ச்சியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்க ஆண்டுகளில் அதனை நடத்திய பெர்சி த்ரோவர் கழுத்துப்பட்டை அணிந்தே தோட்ட வேலை செய்தவர். பின்னர் 1979 முதல் 1996இல் மறையும்வரை ஜெஃப் ஹாமில்டன், ரட்லண்ட் பகுதியிலுள்ள பார்ன்ஸ்டேல் தோட்டத்திலிருந்து நடத்தினார். செலவில்லாமல், தாமே செய்துகொள்ளும் தோட்டக்கலையைப் பரப்பியவர் என்று அவரை அந்நாட்டார் இன்றும் அன்புடன் பேசுகின்றனர். ஆலன் டிட்ச்மார்ஷுக்குப் பிறகு 2003இல் மான்ட்டி டான் வந்தார். 2008இல் மூளையில் ஏற்பட்ட லேசான பக்கவாதத்தால் விலகி, 2011இல் திரும்பினார். அப்போது முதல் ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள தம் சொந்தத் தோட்டமாகிய லாங்மெடோவையே அவர் நிகழ்ச்சிக் களமாக்கிக்கொண்டார். அவருக்கும் பார்வையாளருக்கும் இடையே எப்போதும் நிஜல் என்னும் நாய் ஒன்று படுத்திருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்த நமக்கு முதல் இரண்டு வாரம் கண் அதன்மீதே இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மூன்றாம் வாரத்தில் அது வரப் பிந்தினால் தேடத் தொடங்கிவிட்டோம்.

ஆறுதல் பூக்களிலிருந்து வருகிறது என்பதே எளிய விடை. மார்ச்சில் டாஃபோடில், ஏப்ரலில் துலிப் என்று நிறங்கள் திரையை நிறைக்கின்றன என்பது உண்மை. எனினும் பூவைக் காட்டுவதற்கு இந்நிகழ்ச்சி தேவையில்லை. நாட்காட்டிப் படங்களும் வாழ்த்து மடல்களும் அதனை இதைவிட மினுமினுப்பாகக் காட்டுகின்றன. அவற்றைப் பார்த்து எந்தத் துயருற்றவரும் தேறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. துயரத்தில் இருப்பவனுக்கு நிறைந்த அழகு ஒருவகை அவமதிப்பாகவே தோன்றும். நமக்கு அமைதி தந்தவை வேறு காட்சிகள். மக்கிய இலைதழைக் குவியலை மண்வாரியால் ஒரு தொட்டியிலிருந்து மறுதொட்டிக்குப் புரட்டிப் போடுவதை இந்நிகழ்ச்சி அவசரமின்றிக் காட்டும். ஆவி எழும்பும் அந்தக் கரிய பொருள் சென்ற ஆண்டின் வசந்தம்தான். லாங்மெடோவில் ஆண்டுக்கணக்காக வளர்த்துக் கத்தரித்து வடிவமைத்த பாக்ஸ் செடிவேலிகள் பூஞ்சைநோய்க்கு இரையாகிப் பெரும்பகுதி அகற்றப்பட்டன. அந்த இழப்பையும் கேமராவின் முன்னேயே சொன்னார் மான்ட்டி டான். குளிர்காலத்து இருளில் தம்மை மனச்சோர்வு பற்றிக்கொள்வதையும், மண்ணில் கைவைத்தே அதிலிருந்து மீள்வதையும் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வருபவர் அவர். ஆகவே மார்ச்சில் அவர் ‘வசந்தம் வந்துவிட்டது’ என்னும் பாவனையில் கதவைத் திறக்கும்போது அதில் ஓர் உயிர்தப்பியவரின் தொனி இருக்கிறது. இதுவே நம்மைக் கட்டிப்போட்டது.

அரபுமொழி கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே சில சொற்கள் நினைவில் எழுந்தன. வசந்தத்திற்கு அரபியில் ‘ரபீஉ’ என்று பெயர். ஆனால் ரபீஉல் அவ்வல் மாதம் வசந்தத்தில் நிற்பதில்லை. சந்திரக் கணக்கு அதனைப் பருவங்கள் தோறும் அலையவிடுகிறது. ஹிஜ்ரி 1440இல் அது நவம்பரில் வந்தது. நம் வீட்டில் இறப்பு நிகழ்ந்ததும் அந்த மாதத்தில்தான். பெயரில் வசந்தம், வெளியே அடைமழை. கவலையும் துக்கமும் நீங்க ஓதுமாறு நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்த பிரார்த்தனை ஒன்றில், குர்ஆனை உள்ளத்தின் ரபீஉ ஆக்குமாறு இறைவனிடம் இறைஞ்சுகிறோம். அதனை மாணவர்களுக்குப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறோம். ‘ரபீஉ’ என்பதற்கு ‘வசந்தம்’ என்று பொருள் எழுதிப்போட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். பருவத்தை மட்டுமன்றி, அப்பருவத்தில் பெய்து நிலத்தை எழுப்பும் மழையையும் அச்சொல் குறிக்கும் என்று அகராதியார் சொல்வதை அந்த ஏப்ரலில்தான் நின்று சிந்தித்தோம். துக்கத்தை மறக்கடிப்பதன்று அங்கே கேட்கப்படுவது. காய்ந்த நிலத்துக்குள் இறங்குவது.

இதனினும் கூர்மையானது அல்ஹதீத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம். இவ்வுலக வாழ்வை மழைக்கும் அதனால் முளைத்த பயிருக்கும் அது ஒப்பிடுகிறது. அப்பயிர் ‘குஃப்பார்’களை மகிழ்விக்கிறது, பின்னர் வாடி மஞ்சளிக்கிறது, பின்னர் சருகாகிறது. இங்கு ‘குஃப்பார்’ என்பது உழவர்களைக் குறிப்பதாக விரிவுரையாளர் பலர் கொள்வர். காஃப், ஃபா, ரா என்னும் வேரின் முதற்பொருள் மூடுதல். உண்மையை மூடுபவனுக்கும் விதையை மண்ணால் மூடுபவனுக்கும் மொழி ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். நாமும் அவர்களோடு சிரித்ததுண்டு. மூடுதல் என்னும் செயலை அண்மைக் காலத்தில் வேறொரு குழியின் ஓரத்தில் நின்று செய்துவிட்டு வந்தவனுக்கு, விரலால் மண்ணில் வரிக்கோடு கீறி, விதை தூவி, மேலே மண்ணிழுத்து மூடும் அந்தத் திரைக்காட்சி வெறும் செய்முறை விளக்கமாக இருக்கவில்லை. பச்சையின் மகிழ்ச்சியையும் மஞ்சளிப்பையும் ஒரே வாக்கியத்தில் வைக்கும் அவ்வசனத்தின் நேர்மை இந்த எளிய நிகழ்ச்சியிலும் இருப்பதாக நமக்குப் பட்டது.

அந்த நேர்மை எங்கே குறைகிறது என்பதை அறிய அதே மனிதரின் இன்னொரு படைப்போடு ஒப்பிட வேண்டும். 2018இல் மான்ட்டி டான் இரண்டு பகுதிகளாக ‘பாரடைஸ் கார்டன்ஸ்’ என்னும் தொடரை வழங்கினார். இஸ்லாமிய உலகின் தோட்டங்களைத் தேடி ஈரான், மொராக்கோ, ஸ்பெயின், இந்தியா என்று பயணம் செய்த தொடர் அது. நம் பண்பாட்டை மதிப்போடு அணுகுகிறது. பகை விதைக்கும் ஒளிபரப்புகளுக்கிடையே அப்படியொன்று வந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மகளும் மருமகனும் பெருமையோடு அதனை நமக்குப் போட்டுக் காட்டினர். ஆயினும் பார்த்து முடித்தபோது நமக்கு வெள்ளி மாலையின் அமைதி கிட்டவில்லை. காரணம் எளிது. அங்கே தோட்டங்கள் முடிந்துபோனவையாகக் காட்டப்படுகின்றன. நான்காகப் பகுத்த நிலம், நடுவே நீர், சுற்றிலும் மதில், அதன் உட்பொருள் இன்னது என்னும் விளக்கம். எல்லாம் சரிதான். அந்த மதிலுக்குள் காலையில் குனிந்து களை பிடுங்குபவர் விளக்கவுரைக்குப் பின்னணியாகவே நிற்கிறார். சுவனத்தின் சாயலாக நாம் போற்றும் தோட்டத்தில் ஒரு செடி பட்டுப்போனால் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி அங்கே போதிய அளவு எழவில்லை. கண்ணுக்கு விருந்து உண்டு, கைக்கு ஒன்றுமில்லை.

‘பாரடைஸ்’ என்பதும் நம் ‘ஃபிர்தவ்ஸ்’ என்பதும் சுற்றிச் சுவரெழுப்பிய இடத்தைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல்லொன்றில் பிறந்தவை என்பதை அறிஞர்கள் காட்டியுள்ளனர். ஆனால் திருக்குர்ஆன் மிகுதியும் ஆளும் ‘ஜன்னத்’ என்னும் சொல் சுவரைப் பற்றியதன்று; அதன் வேரும் மறைத்தலையே குறிக்கிறது. மரச்செறிவால் தரை மறைந்த இடம் ஜன்னத். கருவறையில் மறைந்திருப்பது ஜனீன். சுவரைச் சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொண்ட தொலைக்காட்சி, மறைவைச் சொல்லும் சொல்லை விட்டுவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. (இது மொழியாசிரியனின் மிகைப்பற்றாகவும் இருக்கலாம்.) விந்தை என்னவென்றால், ‘பாரடைஸ் கார்டன்ஸ்’ என்ற அதே பெயரில் ஜெஃப் ஹாமில்டனின் தொடரொன்றும் அவர் மறைந்தபின் 1997இல் ஒளிபரப்பாயிற்று. இறந்தவர் ஒருவர் திரையில் உயிரோடு தோன்றிச் சுவனத் தோட்டம் அமைக்கக் கற்பித்ததை, முந்தைய வாரங்களில் அவருடன் பழகிய பார்வையாளர் எப்படிப் பார்த்திருப்பர்!

மான்ட்டி டானுக்கும் இக்குறை தெரிந்திருக்க வேண்டும். பயணம் முடிந்தபின் லாங்மெடோவிலேயே அவர் ஒரு ‘பாரடைஸ் தோட்டம்’ அமைத்தார். பாலைநிலத்தில் மலையடிவாரத்து நீரைக் கனாத் என்னும் நிலத்தடிச் சுருங்கை வழியே கொணர்ந்து ஈரானியர் சமைத்த வடிவத்தை, குளிர்காலத்தில் ஆற்றுவெள்ளம் புகும் களிமண் நிலத்துக்கு அவர் கொண்டுவருகிறார். அங்கே நீர் அருமையானது. இங்கே வடித்து வெளியேற்ற வேண்டியது. இந்த முரணோடு அவர் மல்லுக்கட்டும் சிறு பகுதிகள், முழுத் தொடரையும்விட நம் தோட்டக்கலையைச் சரியாக விளக்குகின்றன. செவில் நகரின் இப்னுல் அவ்வாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘கிதாபுல் ஃபிலாஹா’வை எழுதியபோது, முன்னோர் நூல்களைத் தொகுத்ததோடு நில்லாமல் அஷ்-ஷரஃப் மேட்டுநிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றையும் பதிவு செய்தார். 961ஆம் ஆண்டைச் சார்ந்த குர்துபா நாட்காட்டி, விண்மீன்களின் நிலையோடு இந்த மாதம் இன்னது விதை, இன்னது கத்தரி என்றும் சொல்கிறது. ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ தன் முடிவில் ‘வார இறுதிக்கான வேலைகள்’ என்று பட்டியலிடும்போது, தானறியாமலே அந்நாட்காட்டியின் குரலில் பேசுகிறது. நம் மரபின் வாரிசை ஆடம்பரத் தொடரில் தேடினோம். அது வாராந்தர நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடங்களில் இருந்தது.

குறை சொல்லவும் இடமுண்டு. பரந்த நிலமுடையவரின் தோட்டம் அது. லெஸ்டரின் நெருக்கமான வரிசை வீடுகளில், கொல்லைப்புறம் முழுவதும் கான்கிரீட் போட்டவர்களுக்கு இது பிறர் வீட்டுச் சன்னலை எட்டிப் பார்ப்பதுபோலத்தான். மேலும் பிறர் குனிந்து உழைப்பதை நாம் நாற்காலியில் சாய்ந்து பார்த்து ஆறுதல் பெறுவதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. மரம் நடுவிழாக்கள் தோறும் பேச்சாளர்கள் எடுத்துக்காட்டும் மரக்கன்று பற்றிய நபிமொழியை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அது நடுபவனைப் பற்றியது, நடுவதைப் பார்ப்பவனைப் பற்றியதன்று. 2020 வசந்தத்தில் நாடு முழுதும் பெருந்தொற்றால் வீடடங்கியபோது, குறைந்த ஆட்களோடு ஒளிப்பதிவு செய்ததோடு பார்வையாளர்கள் தங்கள் தோட்டங்களைத் தாமே படம்பிடித்து அனுப்பியவற்றையும் நிகழ்ச்சியில் சேர்த்தனர். அதனால் முதற்குறை ஓரளவு நீங்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் நிஜல் இறந்தது. செய்தியை மகள் தொலைபேசியில் சொன்னபோது நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

இரண்டாம் குறையைப் பார்வையாளர்தாம் தீர்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் ஊர் திரும்புவதற்கு முன், மகள் வீட்டுச் சமையலறையில் இருந்த கொத்தமல்லி விதையை உருட்டி இரண்டாக உடைத்து, ஓட்டையிட்ட பழைய வாளியில் மண் நிரப்பித் தூவி மூடினோம். ஆறு வயதுப் பேத்தி நீர் தெளித்தாள். முளைத்ததை நாம் பார்க்கவில்லை. ஆகஸ்டில் அவள் தொலைபேசியில், கொத்தமல்லி உயரமாக வளர்ந்து வெள்ளைப் பூப்பூத்து மஞ்சளாகிவிட்டது, பிடுங்கி எறியலாமா என்று கேட்டாள். வேண்டாம், காயட்டும் என்று சொல்லி, காய்ந்தபின் தலைகீழாகத் தாள் பையில் தொங்கவிடும் முறையையும் சொன்னோம். மறு ஆண்டு மார்ச்சில் கடைகள் அடைத்தபோது அந்தத் தாள் பைதான் அவர்கள் வீட்டில் இருந்தது.