கூட்டிப் பார்க்க முடியாத எண்கள்

இதழ் நடத்தும் நண்பர்கள் புதிய இதழ் அச்சாகி வந்ததும் அட்டைப்படத்தைக் காட்டுவார்கள். நான் ரேப்பரில் ஒட்ட வைத்திருக்கும் லேபிள் தாளைக் கேட்டு வாங்குவேன். ஏ4 தாளில் மூன்று பத்தி, பத்திக்கு எட்டு, ஆக 24 முகவரிகள். பெயர்கள் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். எந்த வரியும் ஸ்டிக்கரின் வெட்டுக்கோட்டை உரசக் கூடாது. அதெல்லாம் அழகுதான். ஆனாலும் என் கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். எக்செல் பட்டியலை மெயில் மெர்ஜ் செய்து வேர்டுக்குக் கொண்டுவந்தவர் தேர்ந்த கையா, புதுக் கையா என்பதை அங்கே இருக்கும் அஞ்சல் குறியீடு சொல்லிவிடும்.

இந்தியாவுக்குள் மட்டும் போகும் இதழ் என்றால் அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடலாம். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்து, 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த நம் பின்கோடு ஆறு இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். அது 1-இல் தொடங்கி 9-இல் முடியும். பூஜ்யத்தில் தொடங்கும் பின்கோடே நம் நாட்டில் கிடையாது. ஆனால் தமிழ்ச் சிற்றிதழின் சந்தாப் பட்டியல் நாட்டு எல்லையில் நின்றுவிடுவதில்லை. மயிலாப்பூரின் 600004-க்குக் கீழே கொழும்பு வெள்ளவத்தையின் 00600 இருக்கும். அடுத்து நியூ ஜெர்சி எடிசனின் 08820, பூஜ்யத்தில் தொடங்கும் நான்கு இலக்கத்தோடு ஒஸ்லோ, எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் குறியீட்டோடு டொரண்டோ. எந்த மென்பொருளுக்கும் இது சங்கடமான பட்டியல். தேர்ச்சியைக் காட்ட இதைவிடப் பொருத்தமான களமும் இல்லை.

எக்செல் கட்டத்தில் 00600 என்று தட்டி என்டரை அழுத்தினால் 600 என்று நிற்கும். வெள்ளவத்தைக்குப் போக வேண்டிய இதழ், சென்னைப் பின்கோடுகளின் முதல் மூன்று இலக்கத்தைச் சுமந்துகொண்டு புறப்படும். எடிசன் 8820 ஆகும். எக்செலைத் திட்டிப் பயனில்லை. அது கணக்குப் போடுவதற்கென்றே எழுதப்பட்டது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்குக் கணக்கில் மதிப்பு கிடையாது. தப்பு எங்கே நடக்கிறதென்றால், பெயரைக் கொண்டுபோய் எண்ணாகக் கொடுக்கும் இடத்தில்.

தேர்ந்தவர் ஒவ்வொரு நெடுவரிசையைப் பார்த்தும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கூட்டிப் பார்ப்பேனா? இரண்டு பேர் கட்டிய சந்தாவைக் கூட்டலாம், வரவு தெரியும். இரண்டு பின்கோடுகளைக் கூட்டினால் என்ன வரும்? ஒன்றும் வராது. கதவு எண், தொலைபேசி எண், சந்தா எண் எல்லாம் அப்படித்தான். கூட்டிப் பார்க்க அர்த்தமில்லாத எண் வெறும் பெயர். இலக்கங்களால் எழுதிய பெயர். இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் இந்தப் பாகுபாட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. அதை உணர்ந்தவர் ஒரு முகவரியைக்கூடத் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுவார். தட்டி முடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

நல்ல பட்டியலைத் திரையில் பார்ப்பதிலேயே ஒரு சுகம் உண்டு. எக்செல், எண் என்று நினைத்ததை வலப்பக்கம் தள்ளும். எழுத்து என்று நினைத்ததை இடப்பக்கம் வைக்கும். குறியீட்டு நெடுவரிசை முழுக்க இடப்பக்கம் ஒட்டி நின்றால் மனசு நிறையும். பாதி இடமும் பாதி வலமுமாகப் பல்லைக் காட்டினால், யாரோ நடுவில் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். சரியான கட்டங்களின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணமும் முளைக்கும். 'எண்ணை எழுத்தாக வைத்திருக்கிறீர்களே, மாற்றித் தரட்டுமா' என்று எக்செல் கேட்கிற கேள்வி அது. புதியவர் பிழை என்று பதறி, மாற்றச் சொல்லிவிடுவார். பூஜ்யங்கள் மொத்தமாகப் போய்விடும். அனுபவஸ்தர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த வேலைக்குப் போவார். அந்த அலட்சியமும் தேர்ச்சியில் சேர்த்திதான்.

கதவு எண்ணில் வருவது வேறு விதமான வேடிக்கை. சென்னையில் பல வீடுகளுக்குப் புது எண்ணும் உண்டு, பழைய எண்ணும் உண்டு. இரண்டையும் சாய்கோடு போட்டு 12/5 என்று எழுதுவது நம் வழக்கம். எக்செலுக்கு அது மே 12. கணினியில் அமெரிக்க முறை அமைப்பு இருந்தால் டிசம்பர் 5. அதே தெருவில் 27/14 என்ற வீடு மட்டும் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லை. தெருவில் பாதி வீடுகள் தேதியாகி, பாதி வீடுகள் எண்ணாகவே இருக்கும் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரியாவிட்டால் தலை சுற்றும். அடுக்ககத்தில் இரண்டாம் மாடி, ஈ பிரிவு, மூன்றாம் வீடு என்பதை எண், ஆங்கில ஈ, எண் என்று சேர்த்து எழுதினால், எக்செல் அதைப் பத்தின் அடுக்காகப் படித்து இரண்டாயிரம் ஆக்கிவிடும்.

இந்த விஷயத்தில் அறிவியலே எக்செலிடம் தோற்றிருக்கிறது. மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச்1', 'செப்ட்2' என்று இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் வெளியிட்ட புதிய நெறிமுறையில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மரபணுவுக்கு வேறு பெயர் வைக்கலாம். நாம் தெருவில் போய்க் கதவு எண்ணை மாற்ற முடியாது. ஆகவே ஷீட்டில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஷீட்டில் கச்சிதமாகத் தெரிந்தது லேபிளில் ஏன் கலைகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. எக்செலில் நாம் பார்க்கும் ஃபார்மட் வெறும் ஒப்பனை. 600004-ஐ 600 004 என்று இடைவெளி விட்டுக் காட்டச் சொல்லலாம், 8820-க்கு முன்னால் பூஜ்யம் போட்டுக் காட்டச் சொல்லலாம். உள்ளே இருப்பது அதே வெறும் எண்தான். 2002 பதிப்பிலிருந்து வேர்ட் வழக்கமாக ஓஎல்இ டிபி என்ற இணைப்பு வழியாகப் பட்டியலைப் படிக்கிறது. அது மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நேராக ஒப்பனை அறைக்குள் போய், அரிதாரம் பூசாத முகத்தை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய டிடிஇ என்ற பழைய வழி, எக்செலில் தெரிவதை அப்படியே கொண்டுவரும். வேர்டின் அமைப்புகளுக்குள் தேடிப் போனால் இன்றும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது கோப்பின் முதல் ஷீட்டை மட்டுமே படிக்கும்.

ஓஎல்இ டிபிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை அது முதல் எட்டு வரிசைகளை வைத்து முடிவு கட்டிவிடும். பட்டியலின் தலையில் மதுரை, திருச்சி, கோவை என்று வரிசையாக எண்கள் இருந்தால் மொத்தமும் எண்தான் என்று தீர்மானிக்கும். பிறகு ஐம்பதாவது வரிசையில் வரும் டொரண்டோவின் குறியீடும், அதற்குக் கீழே இருக்கும் லண்டனின் குறியீடும் லேபிளில் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ வந்து நிற்கும். பழைய பட்டியல் ஒன்றை அவசரத்தில் கையாள வேண்டியிருந்தால், வெளிநாட்டு முகவரிகளையெல்லாம் தலைப்பகுதிக்கு ஏற்றிவிடும் உத்தி ஒன்று உண்டு. அஞ்சலகத்துக்குக் கட்டுவதற்கான பின்கோடு வரிசையைப் பிறகு வேர்டிலேயே போட்டுக்கொள்ளலாம். இதைச் செய்கிறவர், எதிராளி எந்த எட்டு வரிசையைப் பார்ப்பான் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

கலைந்த எண்ணைச் சீர்செய்வதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி வேர்டில் செய்யும். லேபிளில் ஆல்ட்டும் எஃப்9-உம் அழுத்தினால், முகவரி மறைந்து நெளிந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஃபீல்டு குறிப்பு தெரியும். நெடுவரிசையின் பெயருக்குப் பின்னால் \# "00000" என்று சேர்த்தால் ஐந்து இலக்கம் நிறையும் வரை பூஜ்யம் வரும். அமெரிக்க முகவரிகள் மட்டுமே உள்ள பட்டியலுக்கு இது நேர்த்தியான வைத்தியம். நம் பட்டியலில் போட்டால், நான்கு இலக்க ஒஸ்லோவும் ஐந்து இலக்கத்துக்கு ஊதிவிடும். மற்றொரு கட்சி எக்செலிலேயே எழுத்தாக வைத்துவிடும். அல்லது டெக்ஸ்ட் ஃபங்ஷனைக் கொண்டு அடுத்த நெடுவரிசையில் முறையான வடிவத்தை உண்டாக்கும். பெயராக இருக்கும் எண்ணுக்கு நான் இரண்டாம் கட்சி. அதன் வடிவமே அதன் அடையாளம் என்பதால், அது பிறந்த இடத்திலேயே சரியாக இருக்க வேண்டும்.

தேதிக்கு நான் கட்சி மாறிவிடுவேன். சந்தா முடியும் நாளை லேபிளின் மூலையில் அச்சிடுவது நல்ல வழக்கம். நினைவூட்டுக் கடிதம் மிச்சம். எக்செலில் தேதி என்பது 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணி வரும் நாள்கணக்கு. 'சந்தா:' என்ற சொல்லோடு தேதிக் கட்டத்தைச் சும்மா ஒட்டினால், 31.12.2025-க்குப் பதில் 46022 என்று வரும். நேராக மெர்ஜ் செய்தாலோ அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 05/06 என்பது மே மாதமா ஜூன் மாதமா என்று வாசகர் யோசிப்பார். தேதி உண்மையிலேயே கணக்குக்கு உரியது. அடுத்த மாதம் யார் யாருக்கு முடிகிறது என்று வடிகட்ட வேண்டும் என்பதால் ஷீட்டில் அது தேதியாகவே இருக்கட்டும். உருவத்தை வேர்டில் \@ கொண்டு வகுக்கலாம். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: மாதத்தைக் குறிக்கும் ஆங்கில எம், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். தேதியோடு நேரம் இல்லாததால் அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்து 31.00.2025 என்று ஒரு புதிய நாள் பிறக்கும்.

பெயர் விஷயத்தில் வேர்டின் ஆயத்த முகவரி அமைப்பை நம்பாதவரே தமிழ்ப் பட்டியலுக்கு லாயக்கானவர். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று அது இரண்டு கட்டம் கேட்கும். நமக்கோ தலைப்பெழுத்து முன்னால், பெயர் பின்னால், குடும்பப் பெயர் இல்லவே இல்லை. அதைப் பிய்த்து இரண்டு கட்டத்தில் போட்டால் அப்பாவின் எழுத்து எங்கேயாவது போய் உட்காரும். சந்தாதாரர் தம் பெயரை எப்படி எழுதிக் கொடுத்தாரோ அப்படியே ஒரே கட்டத்தில் வைப்பதுதான் மரியாதை. சிலருக்கு மட்டும் உள்ள 'மே/பா' வரிக்கு \b பயன்படும். கட்டம் காலியாக இருந்தால் முன்னொட்டும் சேர்ந்து மறைந்துவிடும், லேபிளில் அநாதையாக ஒரு 'மே/பா' நிற்காது.

அச்சில் கடைசியாக ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கிறது. 24 லேபிள் தாளில் ஒரு லேபிளின் உயரம் 34 மில்லிமீட்டர் அளவுதான். ஆறு வரியை அடக்க வரி இடைவெளியை இறுக்கினால் சூளைமேட்டின் சூ-வுக்குக் கீழே இருக்கும் சுழி வெட்டுப்படும், மேலே கொக்கிகள் தேயும். இடைவெளியைத் தொடாமல் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைப்பவர் பக்குவப்பட்டவர். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கி, உண்மை அளவில் முதலில் சாதாரணத் தாளில் எடுத்து, அதை ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முன்னோட்டத்திலும் அவர் பார்ப்பது முதல் லேபிளை அல்ல. தொல்லை தரக்கூடிய வெள்ளவத்தை, ஒஸ்லோ, டொரண்டோ, சாய்கோட்டுக் கதவு எண் என்று தேடிப் போய்ப் பார்ப்பார்.

முன்னால் நிற்கும் பூஜ்யத்தை நீக்குவது போன்ற தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் எக்செலில் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் பட்டியலில் எந்த எண் கணக்குக்கு உரியது, எந்த எண் ஒருவர் வீட்டின் பெயர் என்பதை அந்த வசதியும் சொல்லாது. அதற்கு அந்த வீட்டில் ஒருவர் இதழுக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வேண்டும். லேபிள் தாளில் நான் தேடி ரசிப்பது அந்த நினைப்பைத்தான்.