வால் சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில் போனேன். கிடைத்தது கடைசி ஸீட். டிரைவருக்குப் பின்னால் இருந்தவருக்கு லேசான குலுக்கல்தான். அதே பள்ளம் எனக்கு வந்து சேர்ந்தபோது ஆளையே அரை அடி தூக்கிப் போட்டது. கடைசி ஸீட் பின் சக்கரத்தையும் தாண்டித் தொங்குகிறது. அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக ஆட்டம் அதிகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பேட்டையில் பெரியப்பா மகன் வீடு. ரொம்ப வருஷம் விசைத்தறி ஓட்டியவர். பையன் அமெரிக்காவில். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய இரண்டு ஸீட் விமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறான். ஆற்றங்கரை, சரளைக்கல், மலைச்சரிவு என்று ரன்வே இல்லாத இடமாகப் பார்த்து இறக்குவதில் அவர்களுக்கு ஒரு குஷி. நான் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே போன். ‘‘சித்தப்பா, வால் சக்கரத்துக்குப் புது சஸ்பென்ஷன் போடலாமான்னு பார்க்கறோம். என்ன சொல்றீங்க?’’

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ‘‘அடுத்த மாசம் நான் அங்க போறேன் தம்பி. என்னையும் அதுல ஏத்தப்போறானாம். நல்லாப் பார்த்துச் சொல்லு’’ என்றார். சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

முதலில் வால் சக்கரம் என்றால் என்ன? இன்றைய விமானங்களில் பெரும்பாலும் மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் இருக்கிறது. பழையவற்றில் அது வாலில் இருக்கும். டைகர் மாத்தில் ஆரம்பத்தில் சக்கரம்கூடக் கிடையாது, புல்லைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு சறுக்குக் கட்டைதான். 1951-ல் முதலில் பறந்த நம் எச்.ஏ.எல். எச்.டி.-2, 1958-ல் பறந்த புஷ்பக் இரண்டுமே வால் சக்கர ஜாதி. கல்லும் மேடுமான இடத்தில் இன்னும் இந்த ஜாதிக்குத்தான் மரியாதை. மூக்குச் சக்கரம் பள்ளத்தில் மாட்டி ஒடிகிற பயம் இல்லை. ப்ரொபெல்லர் தரையிலிருந்து உயரமாக நிற்கும்.

அந்த வால் சக்கரத்தைத் தாங்குவது வழக்கமாக லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். மலிவு, எளிது. ஆனால் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். வால் குதிக்கும். குதிக்கிறபோது சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்தால் திசை திருப்ப முடியாது. அடி முழுக்க உடம்பின் பின்பகுதிக் குழாய்களுக்குப் போகிறது. நாளாக நாளாக விரிசல்.

புது சாமான் என்ன செய்கிறது? டி3, ஸ்டிங்கர் என்றெல்லாம் பெயர் வைத்து விற்கிறார்கள். ஸ்பிரிங்கோடு ஒரு டாம்ப்பரும் சேர்த்து, மோட்டார்பைக் ஷாக் அப்ஸார்பர் மாதிரி. நான் அண்ணனுக்கு இதை விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார். ‘‘இது தறியிலயே இருக்கேடா. நாடா பறந்து வந்து பெட்டிக்குள்ள நுழையுது. பக்கத்துல ஒரு பட்டை அழுத்திப் பிடிக்கலைன்னா முட்டிட்டுத் திரும்பிக் குதிக்கும். அடுத்த தடவை சரியா போகாது. நடுவுல மாட்டி பாவு அத்தனையும் அறுந்துடும். வேகத்தை முழுங்க ஒரு ஆள் வேணும்.’’

இதைவிட நன்றாக எந்த விளம்பரமும் சொல்லவில்லை. ஆக, கரடுமுரடான இடத்தில் அடிக்கடி இறங்குபவனுக்கு டாம்ப்பர் வைத்த சஸ்பென்ஷன் ஆடம்பரம் இல்லை. இதுவரை பாஸ் மார்க்.

இனி குறைகள். ஒன்று, எடை. இங்கேதான் கடைசி ஸீட் வருகிறது. புது சாமான் பழசைவிட 2 கிலோ கூடுதல் என்று வையுங்கள். விமானத்தின் எடை மையத்திலிருந்து வால் 5 மீட்டர் தள்ளி இருந்தால், அது 1 மீட்டர் பின்னால் 10 கிலோ மூட்டை வைத்ததற்குச் சமம். மையம் பின்னால் நகர்ந்தால் ஆகாயத்தில் நிலைத்தன்மை குறையும். தரையில் வால் பக்கவாட்டில் ஓடி மூக்கை முந்தப் பார்க்கும் புத்தி அதிகமாகும். கிரவுண்ட் லூப் என்று விமானிகள் பயப்படுவது இதைத்தான்.

இரண்டு, உயரம். வால் தூக்கி நின்றால், மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் லேண்டிங்கில் மூக்கு அவ்வளவாக நிமிராது. அதனால் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இறங்க வேண்டிவரும். குட்டையான இடத்தில் இறங்கத்தானே இத்தனையும்?

மூன்று, வீடியோக்கள். ஸ்லோமோஷனில் பழைய ஸ்பிரிங் துள்ளுகிறது, புதுசு சாதுவாக உட்காருகிறது. அந்தப் பழைய ஸ்பிரிங் தொய்ந்துபோனதா, நல்லதா? இரண்டு தடவையும் ஒரே வேகமா? இதைக் கேளுங்கள். பட்டை தொய்ந்தால் சக்கரம் திரும்பும் அச்சே சாய்ந்து, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போல் படபடக்கும். அதற்கு மருந்து புதுப் பட்டை. முழு சஸ்பென்ஷன் அல்ல. தொய்ந்த பழசோடு புதுசை ஒப்பிடுவது, பரீட்சையில் காய்ச்சல்காரனோடு போட்டி போடுகிற மாதிரி.

போனில் அவனிடம் சொன்னேன்: ‘‘முதல்ல பட்டையை மாத்து. சாய்மானம் சரியான்னு அளந்து பாரு. அப்புறமும் கல்லுலதான் இறங்குவேன்னா வாங்கு. ஆனா மாட்டினதும் எடையும் மையமும் புதுசா கணக்குப் போடணும். உன் விமானத்துக்கு அந்த சாமானுக்கு அனுமதி இருக்கான்னு காகிதத்தைப் பாரு. கடைசியா ஒண்ணு. நேரா ஓட்டறது ஸ்பிரிங்கோட வேலையில்ல, உன் காலோட வேலை.’’

ரட்டர் பெடலை மிதிக்கும் அந்தக் காலைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு வரி பார்த்ததில்லை. விற்க முடியாத சாமான்.

அண்ணி போனை வாங்கி, ‘‘முதல்ல என்னை நல்ல சிமென்ட் ரன்வேல இறக்கு. கல்லு அப்புறம் பார்த்துக்கலாம்’’ என்றார். அன்றைய விமர்சனங்களில் சிறந்தது அதுதான்.