ஆள்காட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள்

சென்ற மே மாதம், முவைலாவில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே கார்கள் நிறுத்தும் மணல்வெளியில் ஓர் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சரளைக்கு நடுவே சின்னக் குழி, அதில் சரளையின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். காரை விட்டு இறங்காமல், ஜன்னல் வழியாக 400 மி.மீ. லென்ஸில் படமெடுத்தேன். சிவந்த அலகு, கண்ணுக்கு முன்னால் துருத்தும் சிவப்புச் சதை, கறுத்த கழுத்து எல்லாம் துல்லியம். பின்னணி வெறும் பழுப்பு மங்கல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் மன்னார்குடியிலிருந்து பெரியம்மா கேட்டார்: “நம்ம வாய்க்கா மேட்டுல எடுத்ததாப்பா? எப்ப வந்தே, சொல்லவே இல்லியே?”

முதலில் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது பாராட்டல்ல என்று புரியவைத்தது மா. கிருஷ்ணனின் புகைப்படங்களும் எழுத்துகளும் அடங்கிய ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்ற தொகுப்பு. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2006இல் வெளிவந்த நூல்.

அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணனை (1912–1996) நம்மில் பலர் ஆங்கிலக் கட்டுரையாளராகவே அறிவோம். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை வாழ்வின் இறுதிவரை எழுதினார். தமிழிலும் எழுதினார், ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற தொகுப்புகள் கிடைக்கின்றன. யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துப் பொருத்திய கருவி ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

இன்றைய கண்ணுக்கு அந்தப் படங்கள் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். விலங்கு சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதைச் சுற்றிப் புல்லும் புதரும் மரமும் தங்களுக்குரிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. கொஞ்ச நேரம் பார்த்தால்தான், காட்டைத் தனியாகவும் யானையைத் தனியாகவும் பிரிக்க முடியாதபடி அவர் எடுத்திருப்பது தெரியும். அந்த விலங்கு என்ன தின்கிறது, எங்கே ஒதுங்குகிறது, எவ்வளவு தொலைவில் மனிதனைப் பொறுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் படத்திலேயே இருக்கிறது.

தொல்காப்பியம் கருப்பொருள்களைச் சொல்லும்போது புள்ளையும் மரத்தையும் மனிதர் செய்யும் தொழிலையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. நிலத்திலிருந்து பறவையைப் பெயர்த்தெடுத்துப் பார்க்கும் வழக்கம் நம் கவிதை மரபில் இல்லை. கிருஷ்ணனின் படங்களை அந்த மரபின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

நம் படங்களோ வேறு. இன்றைய கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது. விடுமுறை நாளில் ஷார்ஜாவின் வாசித் ஈரநிலத்துக்குப் போனால் நம்மவர்கள் பலரைக் கழுத்தில் கேமராவோடு பார்க்கலாம். நானும் அவர்களில் ஒருவன். நாங்கள் எடுக்கும் நாரைக்கும் வேடந்தாங்கலில் எடுத்த நாரைக்கும் படத்தில் வேறுபாடு தெரியாது. இறகு இறகாக எண்ணலாம், ஊரை மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு லென்ஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குப்பைத்தொட்டி, ஏசி குழாய், ‘வாடகைக்கு’ என்ற பலகை இவையெல்லாம் படத்தில் விழாமல் நாங்கள்தான் கவனமாக ஒதுங்கி நிற்கிறோம். அனுமதியின்றிப் பிறரைப் படமெடுத்துப் பகிர்வது இங்கே தண்டனைக்குரியது. அதனால் ஆட்கள் விலகும்வரை காத்திருக்க வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் ஊரையே விலக்குவதற்கு அது காரணமாகாது. “இன்னும் ரெண்டு வருஷம்” என்று சொல்லிச் சொல்லியே பதினான்கு வருஷம் இருந்துவிட்ட ஊர் இது. இதைப் பின்னணியாகவே வைத்திருக்க நாம் விரும்புகிறோம். கேமரா அந்த விருப்பத்தை நிறைவேற்றுகிறது. இத்தனைக்கும் இது நேற்று முளைத்த ஊரல்ல. முவைலாவில் இரும்புக்காலக் குடியிருப்பு ஒன்றை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்தவற்றில் சுடுமண்ணில் செய்த ஒட்டகமும் உண்டு. பக்கத்தில் நிற்கும் உயிரை உருவமாக்கிப் பார்க்கும் ஆசை இங்கே எங்கள் கேமராக்களோடு தொடங்கியதல்ல.

கிருஷ்ணனிடம் நான் உடன்படாத இடமும் இங்கேதான் வருகிறது. மண்ணுக்குரிய மரஞ்செடிகள்மேல் அவருக்கு இருந்த பற்று பெரிது. அயல் தாவரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். இந்தியக் காடுகளைப் பொறுத்தவரை அது தேவையான குரல். ஆனால் அந்த அளவுகோலை முவைலாவுக்குக் கொண்டுவந்தால் காமிராவைப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டியதுதான். மைனாவும் கிளியும் காக்கையும் மனிதனால் வந்து பெருகியவை. பூங்காப் புல் சுத்திகரித்த கழிவுநீரில் வளர்கிறது. இயற்கை என்ற பெயருக்கு இவை தகுதியில்லை என்றால், இங்கே பிறந்த என் மகள் இயற்கையே பார்க்காமல் வளர்ந்தவள் ஆகிவிடுவாள்.

மண்ணுக்குரியது என்ற சொல்லும் அவ்வளவு எளிதானதல்ல. அமீரகத்தின் தேசிய மரமான காஃப், விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியேதான். ஆள்காட்டியும் வந்தேறியல்ல, மேற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியாவரை அதன் வாழிடம். பெரியம்மா பறவையைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார். ஊர் தவறியது என்னால். கிருஷ்ணனின் கண்ணை எடுத்துக்கொண்டு அவருடைய வேலியை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

அந்த முதல் படத்துக்காக நான் இன்னொன்றும் செய்திருந்தேன். முட்டைகளின் மேல் வண்டி ஏறிவிடக் கூடாதென்று எங்கள் கட்டடத்து நாத்தூர் காலி பெயின்ட் டப்பாக்கள் இரண்டில் மணலை நிரப்பி, இருபுறமும் வைத்திருந்தார். அசிங்கமாக இருக்கிறதே என்று காரைப் பின்னுக்கு எடுத்து, டப்பாக்கள் தெரியாத கோணம் பார்த்துத்தான் படமெடுத்தேன். அந்தப் பறவை எப்படி அங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான விடையை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் மறுபடி போனேன். சுவரோரம் ஏசி தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்த பள்ளத்தில் ஆள்காட்டி வயிற்றை நனைத்துக்கொண்டு நின்றது. ஈர இறகோடு திரும்பி வந்து, கொதிக்கும் தரையில் கிடந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டைகளைக் காக்க இந்தப் பறவை கையாளும் வழி இது. இந்த முறை சின்ன லென்ஸ். சுவர், குழாய், வாடகைப் பலகை, டப்பாக்கள், நடுவில் சிறியதாகப் பறவை. கானல் அலையில் படம் சற்றுக் கலங்கியே வந்தது. எந்தப் போட்டிக்கும் தேறாது.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, நம்ம பார்க்கிங்!” என்றாள். இத்தனை வருடப் படங்களில் அவள் அடையாளம் கண்டுகொண்ட முதல் இடம் அது.

அதையும் குழுவில் போட்டேன். பெரியம்மாவிடமிருந்து வெகுநேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. “அந்த டப்பா ரெண்டையும் வச்சது யாருப்பா?”

சிட்டகாங்கிலிருந்து வந்தவர் என்றேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மறுநாள் கீழே போய் விசாரித்துச் சொன்னேன்.