வீடு உனக்கு, மண் ஊருக்கு

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எப்போதாவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வழவழப்பான தாள். அட்டையில் சிரிக்கும் குழந்தை. உள்ளே கட்டிக்கொடுத்த வீடுகளின் எண்ணிக்கை. ரிப்பன் வெட்டும் படம், சாவி கொடுக்கும் படம். சாவி வாங்கிக்கொண்டவர் இருபது வருஷம் கழித்து அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்பதைக் காட்டும் படம் மட்டும் இருக்காது.

அந்தப் படத்தைத் தைரியமாகக் காட்டக்கூடிய ஓர் அமைப்பைப் பற்றித்தான் இந்த வாரம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ராக்ஸ்பரி என்றொரு பகுதி. அங்கே டட்லி தெருவை ஒட்டிய மக்களுக்காக 1984ல் உருவானது 'டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ்'. சுருக்கமாக டட்லி அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. புத்தகம் வந்தாச்சு, டாக்குமெண்டரி வந்தாச்சு, பல்கலைக்கழகங்களில் பாடமும் ஆகிவிட்டது. பாராட்டுக்குப் பஞ்சமில்லை. நானும் பாராட்டப் போகிறேன். கூடவே சில கேள்விகளும் கேட்கப் போகிறேன்.

முதலில் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பாஸ்டனின் மையத்திலிருந்து இரண்டு மைல்கூட இல்லை. கறுப்பின மக்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கிற கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், மிச்சமிருந்த கொஞ்சம் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கலந்து வாழ்ந்த பகுதி. கறுப்பர்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தில் குறித்துவைத்து, அங்கே கடன் தராமல் ஒதுங்குவது அமெரிக்க வங்கிகளுக்குப் பல காலப் பழக்கம். கடன் இல்லையென்றால் வீட்டைப் பழுது பார்க்க முடியாது, விற்கவும் முடியாது. வசதி உள்ளவர்கள் கிளம்பிப் போனார்கள். சில வீட்டுச் சொந்தக்காரர்கள் இன்னும் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்!

1980களின் தொடக்கத்தில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. காலி மனை என்றால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாததா? ஊர்க் குப்பை எல்லாம் அங்கே வந்தது. கட்டட இடிபாடு, பழைய ஃப்ரிட்ஜ், கசாப்புக் கழிவு. லாரி லாரியாகக் கொண்டுவந்து ராத்திரியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த நிலையில்தான் ரைலி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை உதவ முன்வந்தது. நல்ல மனசுதான். பெரிய மனிதர்களும் சேவை நிறுவனங்களும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நிர்வாகக் குழுவுக்கும் ஒரு வரைவு தயாரித்து, மக்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். 1985ல் நடந்த அந்தக் கூட்டத்தில் மக்கள் கேட்டது எளிமையான கேள்வி. மேடையில் இருக்கிற உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள்? எங்கள் தெருவைப் பற்றி முடிவு செய்கிற குழுவில் எங்களுக்கு ஏன் இத்தனை கொஞ்சம் இடம்?

இப்படிக் கேட்டால் பொதுவாக என்ன நடக்கும்? 'நன்றி கெட்ட ஜனங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே பணக்காரர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. வரைவு கிழிந்தது. குடியிருப்பவர்களுக்கே குழுவில் பெரும்பான்மை என்று ஆயிற்று. கறுப்பர், கேப் வெர்டியர், லத்தீனர், வெள்ளையர் நான்கு பிரிவுக்கும் சம இடம். தலை எண்ணி, 'நாங்கதான் ஜாஸ்தி' என்று யாரும் மற்றவர்களை அமுக்கிவிட முடியாத ஏற்பாடு. பணம் கொடுத்தவர்களும் ஒதுங்கிப்போகாமல் கூடவே இருந்தார்கள். இந்த நாற்பது வருஷக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அன்றைக்குக் கட்டியது ஒரு செங்கல்கூட இல்லை.

முதல் வேலை வீடு கட்டுவது என்று அவர்கள் ஆரம்பிக்கவும் இல்லை. 'எங்கள் மேல் கொட்டாதே' என்று 1986ல் குப்பைக்கு எதிராகப் போராட்டம். நகரசபை இறங்கி வந்து, சட்டவிரோதமாக நடந்த குப்பைக் கிடங்குகளை மூடியது. மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. அதற்கப்புறம்தான் தங்கள் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே உட்கார்ந்து திட்டம் வரைந்தார்கள்.

வரைந்தாயிற்று. கட்ட நிலம் வேண்டுமே? காலி மனைகளில் ஒரு பகுதி நகரசபையுடையது. மிச்சம் எங்கேயோ இருக்கிற தனியார்களுடையது. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. அப்போது அவர்கள் கேட்டது, அதுவரை அமெரிக்காவில் எந்தக் குடியிருப்போர் அமைப்பும் வாங்காத ஒன்று. நில ஆர்ஜிதம் செய்யும் அதிகாரத்தை எங்களுக்குக் கொடு!

இதில் இருக்கும் வேடிக்கையை நீங்கள் ரசிக்க வேண்டும். நில ஆர்ஜிதம் என்ற சொல்லைக் கேட்டாலே பாஸ்டன் ஏழைகளுக்கு வயிற்றைக் கலக்கும். 1950களின் இறுதியில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை 'நகரச் சீரமைப்பு' என்ற பெயரில் ஆர்ஜிதம் செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை விரட்டிவிட்டு, வசதியானவர்களுக்கு அடுக்குமாடி கட்டிய ஊர் அது. அதே ஆயுதத்தை இவர்கள் கேட்டார்கள். மேயர் ரே ஃப்ளின் ஆதரித்தார். 1988ல் சுமார் 60 ஏக்கர் முக்கோணப் பகுதிக்குள், காலி மனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கிடைத்தது. யாரும் குடியிருக்கும் வீட்டைத் தொடக் கூடாது. நிலம் வாங்க ஃபோர்டு ஃபவுண்டேஷன் 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது.

இதே அதிகாரம் வேறு கைகளுக்குப் போனால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் நியூ லண்டன் என்ற ஊர். வளர்ச்சித் திட்டம் என்று சொல்லி, ஜனங்கள் குடியிருந்த வீடுகளையே எடுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2005ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. திட்டமோ கைகூடவில்லை. வீடுகள் இருந்த இடம் பல வருஷம் புல் முளைத்துக் கிடந்தது. சட்டத்தின் பெயர் ஒன்றுதான். டட்லியில் அதைக் கேட்டவர்கள் அந்த மண்ணிலேயே வாழப் போகிறவர்கள். நியூ லண்டனில் எடுத்தவர்கள் அப்படி இல்லை.

சரி, நிலம் வந்தாச்சு. அடுத்ததாக அவர்கள் செய்ததுதான் முக்கியம். நிலத்தை யாருக்கும் கிரயம் செய்யவில்லை. 'டட்லி நெய்பர்ஸ்' என்ற நில அறக்கட்டளையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள். வீடு வாங்குகிறவருக்கு வீடு சொந்தம். அடியில் உள்ள மண் 99 வருஷக் குத்தகை. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். விற்கலாம். ஆனால் சந்தை விலைக்கு விற்க முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள கணக்குப்படிதான் விலை. அடுத்து வாங்குகிறவரும் குறைந்த வருமானக்காரராகவே இருக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் நாட்டில்! 1951ல் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூதானம், பிறகு கிராமதானமாக வளர்ந்தது. தனித்தனி ஆளுக்குக் கொடுத்த நிலம் கடனில் கைமாறிப் போய்விடும், அதனால் நிலம் கிராமத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்ற எண்ணம். அதைப் படித்து உந்துதல் பெற்றவர்களில் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கக் காந்தியவாதியும் ஒருவர். அவரும் சார்லஸ் ஷெரோட், ஸ்லேட்டர் கிங் போன்ற கறுப்பின உரிமைப் போராளிகளும் சேர்ந்து 1969ல் ஜார்ஜியா மாநிலத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற முதல் சமூக நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். வறட்சியும், அரசுக் கடன் அலுவலகத்தின் நிறப் பாகுபாடும் சேர்ந்து 1985ல் அந்த நிலம் கைவிட்டுப் போனது. ஆனால் யோசனை சாகவில்லை. டட்லிக்கு வந்து சேர்ந்தது. கிராமதானத்துக்காகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்த ஜெகந்நாதன் - கிருஷ்ணம்மாள் தம்பதியை நமக்குத் தெரியும். அவர்கள் சுமந்த அதே யோசனைதான் பாஸ்டனில் வீட்டுப் பத்திரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

பலன்? அறக்கட்டளை நிலத்தில் 225க்கும் மேற்பட்ட வீடுகள், காய்கறி விளையும் பெரிய பசுமைக்குடில், தோட்டங்கள், பொதுத்திடல். 2008ல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் குமிழி வெடித்தபோது கறுப்பர், லத்தீனர் வாழும் பகுதிகள்தான் அதிகம் அடிபட்டன. அறக்கட்டளை நிலத்தில் ஏலத்துக்குப் போன வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் எளிது. அறக்கட்டளை சம்மதிக்காமல் எந்த மோசடிக் கடனும் அந்த வீட்டு வாசலுக்குள் நுழைய முடியாது.

இனி என் கேள்விகள்.

ஒன்று, எண்ணிக்கை. நாற்பது வருஷத்தில் 225 வீடுகள். பாஸ்டன் ஆறரை லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை உள்ள நகரம். இது கடலில் கரைத்த பெருங்காயம்தானே? தெரு தெருவாகக் கூடிப் பேசி முடிவெடுத்தால் நேரமாகத்தான் செய்யும். மெதுவாக நடப்பதில் உள்ள அழகைப் பாராட்டுகிறவர்கள், அதுவரை வாடகை கொடுக்க முடியாமல் ஊரை விட்டுப் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு, இந்த அதிசயம் எப்போதும் யாரோ ஒருவரின் தயவில் நின்றிருக்கிறது. ஃப்ளின் போன்ற மேயர் இல்லாவிட்டால்? ஃபோர்டு கடன் தராவிட்டால்? புகழ்ந்து எழுதுகிறவர்கள் 'மக்கள் சக்தி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அரசாங்கத்தின் பேனாவும் அறக்கட்டளைகளின் பணமும் சேர்ந்துதான் அந்தச் சக்தி வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால், வேறு ஊர்க்காரர்கள் கூட்டம் மட்டும் போட்டுவிட்டு ஏமாந்து போவார்கள்.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்துக்குச் சொத்து என்றால் பெரும்பாலும் வீடுதான். விலை ஏறும், விற்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் மேலே வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்புக் குடும்பத்துக்குக் கடைசியில் ஒரு வீடு கிடைக்கிறபோது, 'லாபம் பார்க்காதே, சமூகத்துக்கு விட்டுக்கொடு' என்கிறோம். நாலு தெரு தள்ளி இருக்கிறவர் வீட்டை நாலு மடங்கு விலைக்கு விற்கிறார். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை வேறு வாங்குகிறார். தியாகம் ஏன் எப்போதும் ஏழைக்கே?

இதற்கு என்னிடம் உள்ள பதில் அரைப் பதில்தான். இந்தக் கட்டுப்பாட்டை ஓர் அதிகாரி எழுதித் திணித்திருந்தால் அது அநியாயம். டட்லியில் அங்கே வாழ்பவர்களே பேசி, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. விற்று லாபம் பார்ப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் விரட்டப்படாமல் இருப்பது பெரிது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவை மதிக்கிறேன். ஆனால் அதைக் காட்டி, எல்லா ஊர் ஏழைகளுக்கும் 'லாபம் கிடையாது' என்று சட்டம் போட ஒரு அரசாங்கம் கிளம்பினால் எதிர்ப்பேன். கட்டுப்பாடு வேண்டுமென்றால் பணக்காரத் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள்.

எனவே அடுத்த முறை ஏதாவது ஒரு வீட்டு வசதித் திட்டத்தின் வழவழப்பான அறிக்கை உங்கள் கையில் கிடைத்தால், நீங்கள் மூன்று விஷயம் தேடிப் பாருங்கள். முடிவு செய்கிற குழுவில் அங்கே குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? மண் யார் பெயரில் இருக்கிறது? வீட்டை விற்றால் பணம் யாருக்கு, வீடு யாருக்கு?

எத்தனை வீடு கட்டினார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.